மேல் வளைவு மண்

சிமல்டாரா மலைக் கிராமத்தில் அந்த வருஷம் கேழ்வரகு நாற்று நட ஆள் போதவில்லை. இளவட்டங்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் கிடந்தார்கள். சாவன் மாத மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சோளத் தட்டைகளுக்கு நடுவே குனிந்து நாற்று ஊன்றியவர்கள் முக்காலே மூணு வீசம் பெண்கள்தான். காலில் அட்டை ஏறினால் உப்புத் துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த நாற்றை எடுப்பார்கள். அப்படி நட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில், பதினொரு மணி வாக்கில், புது ரோட்டின் மேல் வளைவு இறங்கியது.

இறங்கியது என்றுதான் அங்கே சொல்வோம். யாரோ படியில் இறங்கி வந்த மாதிரி.

நான் பிறந்தது வேறு மலை. சிமல்டாரா சுகாதார நிலையத்தில் ஒன்பது வருஷமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்கத் தாளில் என் பதவிக்கு நீளமான பெயர் உண்டு. ஊருக்கு நான் கம்பவுண்டர். அன்று ஒரு குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து பார்த்தபோது எதிர்ச் சரிவில் பச்சைக்கு நடுவே செம்மண் கோடு ஒன்று மேலிருந்து ஆறு வரைக்கும் கிழிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஜஸ்பீரின் வீடு நின்றது. வீட்டுக்குக் கீழே இருந்த எருமைக் கொட்டகை இல்லை.

ஜஸ்பீர் புன் எட்டு வருஷம் கத்தாரில் சாரம் கட்டி, முதுகு போய்த் திரும்பி வந்தவன். அதிகம் பேசமாட்டான். மாதம் ஒருமுறை முதுகுவலி மாத்திரைக்கு வருவான். வரும்போது ஒரு சொம்பு தயிர் கொண்டுவருவான். அதற்கு நாலு மாதம் முன்பு, சைத்ர மாதம், வார்டு தலைவர் கேசர்ஜங், மச்சான் பெயரில் வாங்கிப் போட்டிருந்த தன் பொக்லைனைக் கொண்டுவந்து ரோட்டுக்காக மேல் வளைவை வெட்டினார். தண்ணீர் போக வாய்க்கால் இல்லை. கல் சுவர் இல்லை. வெட்டிய மண்ணையெல்லாம் அப்படியே கீழே, ஜஸ்பீர் வீட்டுக்கு மேலிருந்த ஓடை வாயில் தள்ளினார்கள். ஜஸ்பீர் மூன்று தடவை வார்டு ஆபீசுக்குப் போய், ஒரு சுவராவது கட்டுங்கள் என்று கேட்டான். மூன்றாவது தடவை நானும் அங்கே இருந்தேன்.

"ரோடு வேணுமா வேணாமா, அத மொதல்ல சொல்லு," என்றார் தலைவர்.

"வேணும்."

"அப்பொறம் என்ன? ரோடு வந்தா எல்லாம் வரும்."

எல்லாம் வந்தது. அன்று மழைத் தண்ணீர் சேற்று நிறமாக ஒழுக ஆரம்பித்ததைப் பார்த்து, எருமைகளை அவிழ்த்துவிட ஜஸ்பீர் கொட்டகைக்குள் போயிருக்கிறான். மேல் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி தில்சரா நிமிர்ந்து பார்த்தாள். அவன் உள்ளே குனிந்து நுழைவதைப் பார்த்தாள். பிறகு கொட்டகையைக் காணவில்லை.

முதல் மூன்று நாள் கையால்தான் தோண்டினோம். களைக்கொத்து, மண்வெட்டி, சமையல் பாத்திரம், பலகைத் துண்டு. முதுகுக்கூடையில் மண்ணை அள்ளி, கூடையைத் தாங்கும் நெற்றிப்பட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் ஓரத்துக்குச் சுமந்து கொட்டினார்கள். நாற்பது பேர் இருப்போம். மண் களியாக இருந்தது. ஒரு கூடை எடுத்தால் அரைக் கூடை திரும்ப வழிந்து வந்தது. இரண்டாம் நாள் நாலு போலீஸ்காரர்கள் ஏழு மணி நேரம் நடந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் இரண்டு மண்வெட்டி இருந்தது.

"மிச்ச ரெண்டு பேரு எதுக்கு வந்தீங்க, எண்றதுக்கா?" என்று கேட்டாள் தில்சரா.

அவர்களை நடத்தி வந்த ஹவல்தார் வயதான மனிதர். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மேகம் கொஞ்சம் விலகியபோது ஹெலிகாப்டர் வந்தது. மூன்று சுற்றுச் சுற்றியது. யாரோ கதவருகில் உட்கார்ந்து படம் எடுப்பது தெரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் நூடுல்ஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு, கால் உடைந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஜஸ்பீரின் தம்பி லோக்பீர் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பச்சையாகவே கடித்தான்.

"அண்ணி, நீயும் தின்னு. மூணு நாளாச்சு."

"அதத் தின்னா தாகம் எடுக்கும். இருக்கற தண்ணியெல்லாம் சேறு. கொண்டுவந்தவனுக்கு அது தெரியாது."

பக்கத்து வீட்டுக்காரி சோளமாவுக் களியும், புளிக்கவைத்துக் காயப்போட்ட கீரையில் வைத்த குழம்பும் ஒரு வாளியில் கொண்டுவந்தாள். களியை உருட்டி விழுங்கிவிட்டு எல்லோரும் மறுபடி மண்ணுக்குள் இறங்கினோம். சாயங்காலத்துக்குள் கொட்டகையின் மேற்கு மூலைத் தூண் தலை தெரிந்தது. லோக்பீர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அது அவனும் அண்ணனும் சேர்ந்து நட்ட தூண். அங்கிருந்து வாசல் ஆறு முழம். நாளைக்கு எட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலையில்தான் பொக்லைன் வந்தது.

கடைத்தெரு பக்கத்திலிருந்து மேல் வளைவுக்கு ஏறி, சரிந்து கிடந்த மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தது. சத்தம் கேட்டுக் கீழே இருந்த எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மெஷின் வந்துவிட்டது, இனி நேரமாகாது என்று ஹவல்தார் சொன்னார். அப்போது முதல் வாளி மண் ரோட்டு ஓரத்திலிருந்து கீழே விழுந்தது. கல்லும் சேறும் வேரோடு ஒரு மரமும் உருண்டு வந்து, நாங்கள் தோண்டியிருந்த குழிக்குப் பத்தடி தள்ளி நின்றன. கத்தினோம். மேலே கேட்கவில்லை. இரண்டாவது வாளி குழிக்குள்ளேயே விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது தூணைக் காணவில்லை.

தில்சரா கத்தவில்லை. கூடையை இறக்கி வைத்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மண் விழுந்துகொண்டிருந்த சரிவின் ஓரமாகவே மேலே ஏற ஆரம்பித்தாள். லோக்பீர் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன். எங்கள் பின்னால் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள்.

மேலே போனதும் அவள் நேராகப் பொக்லைனின் வாளிக்கு முன்னால் போய் நின்றாள். ஓட்டியவன் தெற்குச் சமவெளியான தராய் பக்கத்து ஆள், ராம்பிரித் சௌதரி என்று பெயர். திடுக்கிட்டு மெஷினை அணைத்தான்.

"கீழ ஆளு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. யாரும் சொல்லல. ரோட்டத் தொறன்னுதான் சொன்னாங்க."

"கீழ என் புருஷன் இருக்கான். மூணு நாளா நாங்க நகத்தால தோண்டினத நீ மூணு வாளியில மூடிட்ட."

அவன் வண்டியிலிருந்து இறங்கி ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான்.

வார்டு தலைவர் குடையோடு வந்தார். அவருடன் நிவாரண நிறுவனத்து அதிகாரி ஒரு பெண், பிரேரணா என்று பெயர், காட்மாண்டுவிலிருந்து வந்தவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். சரிவுக்கு அந்தப் பக்கம் மூன்று லாரிகள் நின்றன. அரிசி, பருப்பு, தார்ப்பாய், வாளி. முன் லாரியின் நெற்றியில் பேனர் கட்டியிருந்தது.

"தங்கச்சி, உன் கஷ்டம் எனக்குப் புரியுது," என்றார் தலைவர். "ஆனா இருநூறு வீட்டுக்கு அரிசி அந்தப் பக்கம் நிக்குது. செத்தவனுக்காக உயிரோட இருக்கறவன் பட்டினி கிடக்கணுமா? நீயே சொல்லு."

"செத்தவன்னு யாரு சொன்னது? உங்க வார்டு ஆபீஸ் தாள்ல காணாமப் போனவன்னுதானே எழுதியிருக்கு."

"அது சட்டம். ஒடம்பு கெடைச்சாத்தான் செத்தவன்னு எழுத முடியும்."

"ஒடம்பு கெடைக்கணும்னா தோண்டணும். தோண்ட மெஷின் இல்ல. மெஷினு மண்ணைத் தள்ளி மூடறதுக்கு மட்டுந்தான். நல்லாருக்கு தலைவரே உங்க சட்டம். என் வீட்டப் பாதி இடிஞ்சதுன்னு எழுதியிருக்காம். பாதி வீட்டுல நான் எந்தப் பாதியில படுக்கறது?"

பெண்களில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

பிரேரணா மெதுவாகப் பேசினாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. ரெண்டே நாள். ரோடு தொறந்ததும் இதே மெஷினக் கீழ இறக்கச் சொல்றேன். நானே நின்னு செய்யச் சொல்றேன்."

"ரெண்டு நாள்ல ரோட்டு மண்ணு மொத்தமும் கீழதான் வரும். அப்ப அவரு இன்னும் இருபது முழம் ஆழத்துக்குப் போயிருப்பாரு. நீங்க படிச்ச பொண்ணு. இது கணக்குல வராதா?"

அந்தப் பெண் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த அட்டையில் இருந்த கட்டங்களில் இப்படி ஒரு கேள்விக்கு இடம் இல்லை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மதியம் மாவட்டத்துலேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. நிவாரணம் குடுக்கறத அவங்க பாக்கணும். சௌதரி, வண்டிய எடு."

சௌதரி எழுந்திருக்கவில்லை.

தில்சரா சரிவின் குறுக்கே அந்தப் பக்கம் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நூற்றைம்பது அடி சேறு. அதற்கு மேலே, காட்டு விளிம்பில், ரோடு வருவதற்கு முன்னால் எல்லோரும் நடந்த பழைய ஒற்றையடிப் பாதை அறுந்தும் அறாமலும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த லாரியில மொத்தம் எத்தன மூட்ட?" என்று கேட்டாள்.

"நானூத்தி சொச்சம்," என்றாள் பிரேரணா.

தில்சரா பெண்கள் பக்கம் திரும்பினாள். "ரோடு வந்து நாலு மாசந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி இந்த ஊருக்கு உப்பு யாரு கொண்டுவந்தா? தகரம் யாரு கொண்டுவந்தா? இவரு வீட்டு ஃபிரிட்ஜு யாரு முதுகுல வந்துச்சு?"

"என் முதுகுல," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "எறக்கி வெச்சதும் ஒரு டீகூடக் குடுக்கல."

"அப்ப மூட்டைய நாம சொமப்போம். மெஷினு கீழ எறங்கட்டும். இப்ப யாரு வயித்துக்கு யாரு குறுக்க நிக்கறா தலைவரே?"

தலைவர் அது ஆபத்து என்றார். பாதை வழுக்கும், யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்றார். "பொறுப்பு" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் எங்கள் பின்னால் ஏறி வந்திருந்த ஹவல்தார், "அதச் சைத்ர மாசம் கேட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பாதைப் பக்கம் நடந்தார்.

இரண்டு மரங்களுக்கு நடுவே அவர் கயிறு கட்டினார். லோக்பீரும் இன்னொருவனும் மண்வெட்டியால் கால் வைக்கிற அளவுக்குப் படி கொத்தினார்கள். பெண்கள் ஒற்றை வரிசையாகப் போனார்கள். முப்பது கிலோ மூட்டையைக் கூடையில் வைத்து, நெற்றிப்பட்டையை மாட்டி, ஒரு கை கயிற்றில், ஒரு கை கூடையில். போகிறவள் வருகிறவளுக்கு வழி விட்டு மரத்தை அணைத்து நிற்பாள். மழை நிற்கவே இல்லை. நான் அந்தப் பக்கம் மூட்டை ஏற்றிவிட்டேன். பிரேரணா முதலில் பெயர்ப் பட்டியலில் குறி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் பட்டியல் நனைந்து கூழானது. அதை ஜாக்கெட்டுக்குள் திணித்துவிட்டு அவளும் ஒரு மூட்டையைத் தூக்கப் பார்த்தாள்.

"மேடம், அது வேணாம், நீங்க வாளியத் தூக்குங்க," என்றாள் ஒரு பெண். "நீங்க விழுந்தா அதுக்கு ஒரு ஹெலிகாப்டர் வரும். நாங்க விழுந்தா நூடுல்ஸ்தான் வரும்."

பிரேரணா சிரிக்கவில்லை. வாளிகளைத் தோளில் கோத்துக்கொண்டு நடந்தாள்.

மெஷினைக் கீழே இறக்கத் தலைவர் சம்மதிக்கவில்லை. டீசல் ரோட்டு வேலைக்கு என்றுதான் எழுதியிருக்கிறது என்றார். சௌதரி எழுந்தான். "டேங்குல இருக்கற டீசலுக்கு எது ரோடு எது கொட்டகைன்னு தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். பழைய வயல் வரப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அங்குலம் அங்குலமாக அந்தப் பெரிய இரும்பைக் கீழே கொண்டுவந்தான். இரண்டு தடவை ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

மதியம் பெரிய ஆட்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் காலி லாரிகளும் பேனரும் மட்டும் இருந்தன. சேற்றைத் தாண்ட அவர்களுக்கு மனம் வரவில்லை. பேனர் முன்னால் நின்று, எதிர்ச் சரிவில் மூட்டை சுமந்து போகிற பெண்களின் முதுகு தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாள் மூன்று மணிக்குப் பொக்லைனின் வாளி ஒரு எருமைக் கொம்பில் இடித்தது. சௌதரி உடனே நிறுத்தினான். அதற்குப் பிறகு கையால்தான். ஒரு எருமை, அடுத்தது இன்னொன்று. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி ஜஸ்பீர். முடிச்சைப் பாதி அவிழ்த்திருந்தான்.

ஐந்து நாள் ஆகியிருந்தது. தில்சரா யாரையும் தள்ளிப்போகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள். அவன் முகத்தை அவளே கழுவினாள். காது மடல், மூக்கு, பல் இடுக்கு எல்லா இடத்திலும் மண். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பொறுமையாக எடுத்தாள். "எவ்வளவு மண்ணு," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். லோக்பீர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் வர வழியில்லை. என்னையே பார்த்து எழுதச் சொல்லி ஹவல்தார் போனில் உத்தரவு வாங்கியிருந்தார். பள்ளிக்கூடத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பெயர், வயது, ஊர், உடம்பு கிடந்த நிலை எல்லாம் எழுதினேன். மரணக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்தேன். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. தலைவர் எனக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார்.

"இயற்கைச் சீற்றம், நிலச்சரிவு. அப்படித்தான் எழுதணும் கம்பவுண்டரே," என்றார்.

பேனாவைத் தாளில் வைத்தேன். எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் எத்தனையோ தாள்களில் கேட்டதை எழுதியவன்.

"என்னாண்ணா எழுதற?" என்றாள் தில்சரா.

படித்தேன்.

"அத அடி."

"தங்கச்சி, அவசரப்படாத," என்றார் தலைவர். "இயற்கைன்னு எழுதினாத்தான் உனக்கு நிவாரணப் பணம் வரும். வேற எது எழுதினாலும் கேஸு, விசாரணைன்னு போய், ஒண்ணும் வராது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதில் பொய் இல்லை. ஹவல்தாரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மழை என் வீட்டுக்கு ஒரு கெடுதலும் பண்ணல தலைவரே," என்றாள் தில்சரா. குரல் உயரவில்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திமூணு வருஷம். வருஷா வருஷம் பெய்யுது. அது பெய்ஞ்சுதான் சோளம் வந்துச்சு. மலையும் எதுவும் பண்ணல. அது பாட்டுக்கு நின்னுச்சு. நீங்க அதோட கால வெட்டினீங்க. வெட்டின மண்ண என் தலைக்கு மேல வெச்சீங்க. அவரு மூணு தடவ வந்து கேட்டாரு. பழிய மழை மேல போடறதுக்கு எனக்குப் பணம் குடுக்கறீங்களா? அந்தப் பணத்துல நான் களி கிண்டித் தின்னா எறங்குமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். என் வேலை, என் சம்பளம், என் மாறுதல் எல்லாம் யார் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பார்வை சொன்னது.

"எழுதுண்ணா. ரோடுன்னு எழுது. எழுதிட்டுச் சத்தமாப் படி."

அடித்தேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. வாய்க்காலும் சுவரும் இல்லாமல் வெட்டிய சாலையின் மண், வீட்டுக்கு மேலே கொட்டி வைக்கப்பட்டிருந்தது. அது சரிந்து மூச்சுத் திணறி மரணம். எழுந்து நின்று படித்தேன். தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சாட்சிக்கு ஐந்து கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகத் தாளின் பின்பக்கம் வரை நிறைந்துவிட்டது. கடைசியாக சௌதரி வந்து, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, கீழே "மெஷின் டிரைவர்" என்றும் எழுதினான். அவனுக்கு அத்தோடு வேலை போயிற்று.

தலைவர் சொன்னபடியேதான் நடந்தது. பணம் வரவில்லை. பிரேரணா மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியதாகக் கேள்விப்பட்டேன். விசாரணைக்கென்று வந்த ஒரு குழு கடைத்தெருவோடு திரும்பிப் போனது. குளிர் தொடங்கிய மங்சிர் மாதம் எனக்கு மாறுதல் வந்தது. இரண்டு நாள் நடை தூரத்தில், பனி விழுகிற ஒரு மேட்டில், கதவு சரியாக மூடாத ஒரு சுகாதார நிலையம்.

பால்குண் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் தில்சரா அங்கே வந்து நின்றாள். கூடையில் கேழ்வரகு மாவும், ஒரு சொம்பு தயிரும். கடன் சொல்லி ஒரு எருமை வாங்கியிருக்கிறாளாம். லோக்பீர் மலேசியா போகாமல் ஊரிலேயே இருக்கிறானாம். மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாளை எடுத்தாள். நான் எழுதிய அதே தாள். ஓரத்தில் மாவட்ட ஆபீஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தது: காரணத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்.

அவளுக்கும் வயிறு இருக்கிறது, அவளை யார் குறை சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் தேடினேன்.

"குடு தங்கச்சி. திருத்தித் தர்றேன். தப்பில்ல."

"திருத்தவா?" என்றாள். என்னை ஒரு முறை முறைத்தாள். "திருத்தறதுக்கா ரெண்டு நாள் பனியில நடந்து வந்தேன்? கிழக்கு மேட்டுல மறுபடி வெட்ட ஆரம்பிச்சுட்டாங்கண்ணா. அதே மெஷினு, வேற டிரைவர். அதே மாதிரி மண்ணக் கீழதான் தள்றான். இன்னும் மூணு மாசத்துல மழை வந்துரும். கடைத்தெருவுல நகல் எடுக்கற கடைக்காரன் தலைவருக்குச் சொந்தம், எடுத்துத் தரமாட்டேங்கறான். நீ எழுதினது உனக்குத்தான் அப்படியே வரும். இதே தாள நகலா எழுதிக் குடு."

"எத்தன?"

"அந்த மேட்டுக்குக் கீழ பதினேழு வீடு. வீட்டுக்கு ஒண்ணு." கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "தலைவர் வீட்டுக் கதவுல ஒட்ட ஒண்ணு. பதினெட்டு."